பத்து கோழியும் பத்து சென்ட் நிலமும்
(மேய்ச்சல் முறைக் கோழி வளர்ப்பு: குடும்பங்களுக்கான ஒரு பாடம்)



சங்கரன்கோவில் வட்டாரத்தில் கொல்லைப்புறம் உள்ள வீடுகளில் கோழி நிற்பது புதிதல்ல. ஆனால் கோழி வளர்த்து நிலையான வருமானம் பார்க்கும் வீடுகள் குறைவு. "பத்து வாங்கிவிட்டோம், ரெண்டு மாசத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை" என்ற பேச்சை எல்லாத் தெருவிலும் கேட்கலாம். கோழி செத்தால் போவது கோழி மட்டுமல்ல. வாரக் குழுவில் வட்டிக்கு எடுத்த பணம் என்றால் தவணை நிற்காது. ஆதரவற்ற ஒரு சகோதரிக்கு நாம் ஸதகாவாகக் கொடுத்தது என்றால், நம் உதவியே அவருக்கு மனவேதனையாக முடிகிறது.

இந்த இழப்பில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. தடுக்கும் வழியையும், அதே கோழியைக் கொண்டு நம் மண்ணை வளப்படுத்தும் வழியையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. மேய்ச்சல் முறை என்றால் என்ன?

கோழி வளர்ப்பில் மூன்று முறைகள் உண்டு. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிகளை வளர்ப்பது கூண்டு முறை. கறிக்கோழிப் பண்ணைகளில் கொட்டகைக்குள் உமி பரப்பி வளர்ப்பது ஆழ்கூள முறை. காலையில் திறந்துவிட்டு மாலையில் அடைப்பது நம் வீட்டுப் புறக்கடை முறை.

மேய்ச்சல் முறை என்பது புறக்கடை முறையின் ஒழுங்குபடுத்திய வடிவம். கோழி பகலில் புல், விதை, புழு, பூச்சி மேயும். ஆனால் எங்கே மேய வேண்டும், எத்தனை நாள் மேய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோம். ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் அந்த இடம் புல் இல்லாமல் கட்டாந்தரையாகும்; எச்சம் சேர்ந்து குடற்புழு பெருகும். இடம் மாற்றி மாற்றி விட்டால் எச்சம் நிலம் முழுவதும் பரவி உரமாகும்.

இது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. கரிசல் காட்டில் அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுகிறோமே, அதே கணக்குதான். இன்று ஒரு இடம், நாளை அடுத்த இடம் என்று கிடை நகரும். நகர நகரப் புஞ்சைக்கு உரம் சேரும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜோயல் சாலட்டின் என்ற விவசாயி இதையே கோழிக்குச் செய்து உலக அளவில் பெயர் பெற்றார். அடிப்பாகம் இல்லாத கூண்டில் கோழிகளை அடைத்து, தினமும் காலையில் கூண்டைப் புதிய புல்லுக்கு நகர்த்துவது அவர் முறை. மாடுகள் மேய்ந்த இடத்துக்குச் சில நாள் கழித்து முட்டைக்கோழிகளைக் கொண்டுபோவார். சாணத்தில் வளர்ந்திருக்கும் ஈப்புழுக்களை அவை கிளறித் தின்னும், சாணமும் பரவும், ஈத் தொல்லையும் குறையும்.

2. பத்து சென்டுக்கு ஒரு கணக்கு

எட்டடி நீளம், நான்கடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். பழைய மரச்சட்டமோ குழாயோ போதும். பக்கங்களில் கோழிவலை அடியுங்கள். மேலே பாதிக்குத் தென்னங்கீற்று போடுங்கள், மீதிக்கு வலை. அடிப்பாகம் திறந்திருக்க வேண்டும். இதில் வளரும் பருவக் கோழிகள் பத்து முதல் பன்னிரண்டு வரை பகலில் இருக்கலாம்.

சட்டம் பிடிக்கும் இடம் 32 சதுர அடி. பத்து சென்ட் என்பது சுமார் 4,350 சதுர அடி. தினமும் ஒரு கூண்டு தூரம் நகர்த்தினால், தொடங்கிய இடத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 136 நாள் ஆகும். அதாவது ஒரு இடத்துக்கு நான்கு மாதத்துக்கும் மேல் ஓய்வு. அதற்குள் புல் திரும்ப முளைக்கும், எச்சம் மட்கும், வெயிலில் புழு முட்டைகள் பெருமளவு அழியும்.

தாய்க்கோழிகளைக் கூண்டு இல்லாமலே மேய விடலாம். அப்போதும் ஒரு ஏக்கருக்கு நூறு கோழிக்கு மேல் வேண்டாம். பத்து சென்ட் இருந்தால் பத்து கோழி என்று நினைவில் வையுங்கள்.

நம் ஊர் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த உளுந்து, பாசி, சோளம், கம்பு முளைத்து வரும்போது கோழியை உள்ளே விடாதீர்கள், முளையைக் கிளறிவிடும். தை, மாசியில் அறுவடை முடிந்த பிறகு விடுங்கள். சிந்திய தானியமும் தாளுக்கு அடியில் இருக்கும் பூச்சியும் அவற்றுக்குத் தீனி. கிணற்றுப் பாசனத்தில் எலுமிச்சை, கொய்யா, முருங்கை வைத்திருப்பவர்கள் மரங்கள் வளர்ந்த தோப்பில் ஆண்டு முழுவதும் விடலாம். கொய்யாவைக் கெடுக்கும் பழ ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். கோழி அதைக் கிளறித் தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: பயிருக்கு விஷக் குருணை மருந்து போட்ட நிலத்திலும், மருந்து கலந்த விதை விதைத்த நிலத்திலும் கோழியை விடவே கூடாது. குருணையைத் தானியம் என்று கொத்திச் சாகும். எலி மருந்து வைத்த இடமும் அப்படித்தான்.

3. எந்தக் கோழி?

சிறுவிடை: உடல் சிறியது. தானே அடைகாத்து, குஞ்சைத் தானே காப்பாற்றும். பருந்தைக் கண்டால் ஓடி ஒளியும். புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது.

பெருவிடை: எடை அதிகம், கறிக்கு நல்ல விலை. முட்டை குறைவு. சண்டைக்கு என்று இதை வாங்க வருவோர் உண்டு. உயிர்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது. அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள்: வேகமாக வளரும், நாட்டுக்கோழியை விட அதிக முட்டை இடும். ஆனால் அடைகாக்கும் குணம் குறைவு. உடல் கனத்தால் நாய், கீரியிடம் எளிதில் சிக்கும். அடைப்புள்ள இடத்துக்குச் சரி.

தெருவில் சாயம் பூசி விற்கும் வண்ணக் குஞ்சுகளைப் பிள்ளைகள் கேட்டாலும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அவை பொரிப்பகங்களில் கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். பல சில நாளில் இறந்துவிடும். இரக்கத்தைக் கற்க வேண்டிய வயதில் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டாம்.

4. அடை வைத்தலும் குஞ்சு காத்தலும்

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை, ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு இடும். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்கட்டும். கோடையில் நான்கு நாளுக்குள். ஒரு கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே சிலந்திக்கால் போல நரம்பு தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள். 21-ஆம் நாள் குஞ்சு பொரியும்.

குஞ்சுகள் அதிகம் இறப்பது முதல் நான்கு வாரத்தில். காகம், பருந்து, பூனை, கீரி ஒரு பக்கம். குளிரும் ஈரமும் மறுபக்கம். இந்த நான்கு வாரமும் தாயும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும். பகலில் வலை போட்ட அடைப்புக்குள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விட்டால் போதும். தாயில்லாக் குஞ்சு என்றால் அட்டைப்பெட்டியில் பல்பு வெப்பம் தேவை. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் அளவும், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்தும் வரலாம். குஞ்சுகளே அளவு சொல்லும்: பல்புக்கு அடியில் நெருக்கி நின்றால் சூடு போதவில்லை, ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம்.

ஒரு கணக்குப் பாருங்கள். பத்து பெட்டை, ஆண்டுக்கு அறுபது முட்டை வீதம் 600 முட்டை. அதில் 100 முட்டை அடைக்கு வைத்து 75 குஞ்சு பொரிந்தது என்று வைத்துக்கொள்வோம். காவல் இல்லாமல் விட்டு 25 தேறினால் ஒரு வருமானம். பஞ்சாரமும் தடுப்பூசியும் இருந்து 60 தேறினால் வேறு வருமானம். முட்டையும் செலவும் ஏறத்தாழ ஒன்றே. லாபமும் நஷ்டமும் அந்த நான்கு வாரக் காவலில் இருக்கிறது. இன்று உங்கள் பகுதியில் நாட்டுக்கோழி விற்கும் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

5. தீனி

மேய்ச்சலால் மட்டும் முழுத்தீனி கிடைக்காது, குறிப்பாகப் பங்குனி முதல் ஆவணி வரை. பெரிய கோழி ஒன்றுக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் அடர்தீனி கொடுங்கள். வீட்டிலேயே கலக்கலாம்:

கம்பு, சோளம் அல்லது மக்காச்சோள உடைசல்: 5 பங்கு
தவிடு: 2 பங்கு
கடலைப் புண்ணாக்கு: 2 பங்கு
கருவாட்டுத்தூள்: 1 பங்கு
தாது உப்பு: சிறிதளவு

கிளிஞ்சல் தூளைத் தனியே ஒரு சட்டியில் வையுங்கள். முட்டை ஓடு கெட்டியாகும். முருங்கை, அகத்திக் கீரையைக் கட்டித் தொங்கவிடுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் ஒருபோதும் போடாதீர்கள். அந்தப் பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

குஞ்சுக்குக் கரையான் நல்ல புரதம். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும்.

கத்திரி வெயிலில் தீனியைக் காலையிலும் மாலையிலும் மட்டும் வையுங்கள். மண்சட்டித் தண்ணீரை நிழலில் வைத்து, தினம் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள்.

6. கூடு

இரவு அடைப்பு கண்டிப்பாக வேண்டும். கரிசல் மண் மழையில் சேறாகும் என்பதால் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இடம் விடுங்கள். பாம்பும் கீரியும் நுழையாதபடி அரை அங்குலக் கண் உள்ள வலை அடியுங்கள். உமி அல்லது கடலைத்தோல் பரப்பி, ஈரமானால் மாற்றுங்கள். கழித்த கூளத்தை நேரடியாகச் செடிக்குப் போட்டால் சூட்டில் வேர் கருகும். இரண்டு மூன்று மாதம் மட்கவைத்து, பிறகு பிச்சிக்கும் எலுமிச்சைக்கும் போடுங்கள். கோழி எரு சாணத்தை விடத் தழைச்சத்து மிகுந்தது.

கோழி நம்முடையது, நாற்றமும் நம்முடையதாகவே இருக்கட்டும். அண்டை வீட்டார் காயப்போட்ட வற்றலைக் கோழி மிதித்தால் அது நம் பொறுப்பு. அண்டை வீட்டார் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

7. வெள்ளைக்கழிச்சல்

ஒரே வாரத்தில் கூட்டைக் காலி செய்யும் நோய் இது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், இறகு தொங்கும், சிலவற்றுக்குக் கழுத்து திருகும். இமயமலை அடிவாரத்து ராணிக்கேத் என்னும் ஊரில் 1920-களில் கண்டறியப்பட்டதால் ராணிக்கட் நோய் என்றும் சொல்வார்கள். இது வைரஸ் நோய். வந்த பிறகு மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே வழி.

7-ஆம் நாள்: எஃப் ஸ்ட்ரெயின் அல்லது லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு
28-ஆம் நாள்: லசோட்டா
6-ஆவது வாரம்: அம்மைத் தடுப்பூசி
8 முதல் 10 வாரத்துக்குள்: ஆர்.2.பி. ஊசி
பிறகு: கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும்

மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்; கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால் பலன் இருக்காது. தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம், ஊசி இலவசம். கோடை தொடங்குமுன் போடுவது முக்கியம். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே பழைய கோழிகளோடு சேருங்கள். நோய் கண்டதும் அவசரமாக அறுத்து விற்பதும், உறவினருக்குக் கொடுத்தனுப்புவதும் நடக்கிறது. கழுவிய தண்ணீர், இறகு, குடல் வழியாக நோய் தெருவெங்கும் பரவும். செத்ததை ஓடையிலோ குப்பையிலோ போடாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நம் நஷ்டத்தை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புவது அமானிதம் ஆகாது.

சந்தேகங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

8. மார்க்கம் சொல்வது

"கோழி கண்டதையும் தின்னுமே, சாப்பிடலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் முன்னிலையில் ஒருவர் இதே தயக்கத்தால் கோழிக்கறியை ஒதுக்கியபோது, நபி (ஸல்) அவர்கள் கோழி சாப்பிட்டதைத் தாம் பார்த்திருப்பதாக அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அதே வேளையில் பெரும்பாலும் அசுத்தத்தையே தின்று வளரும் பிராணியை 'ஜல்லாலா' என்பர்; அதை உண்பதற்குத் தடை வந்துள்ளது. அப்படிப்பட்ட கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் அடைத்து நல்ல தீனி கொடுத்த பிறகே உண்பார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. சாக்கடை ஓரத்தில் மேயும் கோழிக்கும், சுத்தமான புல்லில் தானியமும் பூச்சியும் தின்னும் கோழிக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும். விவரம் வேண்டுவோர் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

இளைஞர்கள் சிலர் கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடியதைக் கண்ட இப்னு உமர் (ரலி), இப்படிச் செய்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துக்கூறிக் கண்டித்தார்கள். அறுக்கும்போது கத்தியைக் கூர்மையாக்கவும், பிராணிக்கு வேதனை குறைக்கவும் நமக்குக் கட்டளை உண்டு. ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்காதீர்கள்.

விற்பனையில் நேர்மை வேண்டும். கலப்பினக் கோழியை 'அசல் நாட்டுக்கோழி' என்று விற்பதும், வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து நாட்டு முட்டை என்பதும் மோசடி. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரிந்ததே.

ஆடு, மாடு, ஒட்டகத்துக்கு உள்ளது போலக் கோழிக்குத் தலைக்கணக்கில் ஜகாத் இல்லை. வியாபாரத்துக்காக வளர்த்தால் அது வியாபாரப் பொருள். நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் இரண்டரை சதவீதம் கடமை.

9. கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனம், அரசின் கால்நடைத் துறையோடு சேர்ந்து 1980-களில் ஏழைப் பெண்களுக்கான கோழி வளர்ப்புத் திட்டத்தை நடத்தியது. கோழி கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஊரிலேயே பெண்களைத் தேர்ந்து தடுப்பூசி போடப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடுவீடாகப் போய்ச் சிறு கட்டணத்துக்கு ஊசி போட்டார்கள். ஊசி போடுவதே அவர்களுக்கு ஒரு பிழைப்பும் ஆயிற்று. கோழியைக் கொடுப்பவர், அது பிழைத்து நிற்கும் வழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

நாமும் ஒரு குடும்பத்துக்கு உதவும்போது ஒருநாள் குஞ்சு ஐம்பது கொடுப்பதைவிட, நான்கு வாரம் தாண்டி ஊசி போட்ட பெட்டை பத்து, சேவல் ஒன்று, பஞ்சாரம் இரண்டு, ஒரு கூடு, இரண்டு மாதத் தீனி என்று கொடுப்பது மேல். கூடவே தெருவுக்கு ஒரு சகோதரி சொட்டு மருந்து போடக் கற்றுக்கொள்ளட்டும். இதை ஜகாத்திலிருந்து கொடுப்பதா, ஸதகாவிலிருந்து கொடுப்பதா என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் செய்யுங்கள். முதல் தேவைப்படுபவருக்கு வட்டியில்லா அழகிய கடன் கொடுங்கள். முட்டை விற்றுத் திருப்பட்டும். ஏழைப் பெண்களுக்கு மானியத்தில் கோழிக்குஞ்சு வழங்கும் அரசுத் திட்டங்களும் உண்டு. இந்த ஆண்டு யாருக்கு, எவ்வளவு என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு விண்ணப்பிக்க உதவுங்கள்.

தொடங்குமுன் சரிபார்க்க ஐந்து:

1. இரவு அடைப்பும் பஞ்சாரமும் தயாரா? அவற்றை முடித்துவிட்டே கோழி வாங்குங்கள்.
2. அருகிலுள்ள மருந்தகத்தில் ஊசி என்று கிடைக்கும் என்று கேட்டாயிற்றா?
3. மேயவிடும் நிலத்தில் விஷ மருந்து போட்டிருக்கிறதா?
4. கோடைக்கு நிழலும் தண்ணீரும் உண்டா?
5. வட்டிக் கடன் இல்லாமல் தொடங்க முடியுமா? முடியாவிட்டால் ஐந்து கோழியோடு தொடங்குங்கள். ஓராண்டில் அவையே பெருகும், இன்ஷா அல்லாஹ்.

நம் உழைப்பிலும் உணவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.